கிழக்குக் கரையின் கூடுகள்

பொறாமை எனக்குப் புதிதல்ல. பக்கத்து போர்ஷன் மாமியின் ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் தங்கையின் சுருட்டை முடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் வயிறு எரிந்து, தட்டில் போட்ட சோறு இறங்காமல் பொறாமைப்பட்டது ஒருத்தியைப் பார்த்துத்தான். அவள் என் சிநேகிதி என்பது இதில் கூடுதல் வேதனை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வீடு சிட்லபாக்கத்தில். சொந்த வீடு, மாடியில் தனி அறை, ஹாலில் டெலிபோன். மஸ்கட்டிலிருந்து அவள் மாமா கொண்டுவந்த பைனாகுலர் வேறு இருந்தது. எனக்கு வீடு பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டின தெருவில். வீடு என்று சொல்வது பழக்கதோஷம். ஐந்து குடித்தனங்கள் இருந்த ஒரு வளைவில் எங்களுக்கு ஒரு போர்ஷன். ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்துக் கொல்லையில் ஒரே கக்கூஸ். பெருங்களத்தூரில் ரயில் பிடிக்கிற ஆண்களுக்குக் காலையில் அது தேவைப்பட்டதால், பெண்கள் எல்லோரும் விடிவதற்கு முன்னாலேயே டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏரியின் கிழக்குக் கரைக்குப் போய்விடுவோம். இதைக் கல்லூரியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுக்கும்தான்.

அந்த வருடம் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஏதோ ஓர் அறக்கட்டளை பணம் கொடுக்கிறது. அரசு நிலமான எங்கள் ஏரியில் ஆறு மாதம் களப்பயிற்சி. பறவைகளைக் கணக்கெடுக்க வேண்டும், கரையில் எந்த மரத்தை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஒரே ஓர் இடம்.

அப்பாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர் அவர். "கொக்கு எண்றதுக்குச் சம்பளமா?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது கெடச்சா அப்படியே சேத்து வை, எம்.எஸ்சி. சேத்து விடறேன். கெடைக்கலன்னா டைப்ரைட்டிங் முடிச்சிருக்கே, டிகிரியோட வேலைக்குப் போயிடணும்" என்றார். அவர் பேச்சு மாறமாட்டார். ஆக, என் எம்.எஸ்சி. அந்த ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேர்முகத்துக்குப் போகும்போது எனக்குத் துளிகூடப் பயமில்லை. என் ஏரி அது. எங்கள் துறைப் பேராசிரியர்தான் கேள்வி கேட்டார்.

"ஏரி நடுவுல இருக்கிற மண் திட்டுல என்ன பறவை கூடு கட்டுது, தெரியுமா?"

"வக்கா சார், ராத்திரில இரை தேடுற கொக்கு. திட்டு மேல இருக்கிற வேலிக்காத்தான்ல. கார்த்திகைக்கு மேல கட்டும். தைக்குக் குஞ்சு இருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் மேற்குக் கரைல எத்தனையோ தடவை நின்னு பாத்திருக்கேன். ஒரே முள்ளுப் புதர்தான் தெரியும். நீ எங்கேருந்து பாத்தே?"

கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால் புதர் விலகியிருக்கும், உள்ளே கூடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அப்படிச் சொன்னால், அங்கே எதற்குப் போனாய் என்று அடுத்த கேள்வி வரும். கையில் டப்பாவோடு நான் நிற்கிற காட்சி எனக்குள் வந்தது.

"யாரோ சொன்னாங்க சார்."

"பாக்காததைப் பாத்த மாதிரி சொல்லக் கூடாதும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் இன்னும் அவமானமாக இருந்தது.

இடம் அவளுக்குப் போயிற்று.

அவள் இனிப்பு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "உங்க ஏரிடி! தினம் உன்னைப் பாக்கலாம்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எத்தனை பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அம்மா அவளுக்கு முதல் டிகாஷனில் காபி போட்டுக் கொடுத்தாள். எனக்கு எப்போதும் இரண்டாவதுதான்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு, வாரத்தில் இன்னும் இரண்டு நாள், பஸ்ஸில் வந்து இறங்குவாள். கான்வாஸ் ஷூ. தலையில் அறக்கட்டளை கொடுத்த தொப்பி. கழுத்தில் பைனாகுலர். கெட்டி அட்டை போட்ட நோட்டு. எங்கள் தெருப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே ஓடுவார்கள். பிறந்ததிலிருந்து அந்த ஏரிக் கரையில் நடக்கிற என் பின்னால் ஒரு நாய்கூட வந்ததில்லை. அவள் நோட்டில் முக்குளிப்பான், தாழைக்கோழி, நீர்க்காகம் என்று எழுதுவதை எட்டிப் பார்ப்பேன். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். அவள் எழுதினால் அதற்குக் காசு வந்தது. நான் தெரிந்து வைத்திருந்தால் வீட்டில் துணி துவைக்கத்தான் கூப்பிட்டார்கள்.

"நீயும் வாயேன், ரெண்டு பேரும் எண்ணலாம்" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். "டெஸ்ட் இருக்குடி" என்பேன். டெஸ்ட் அவளுக்கும்தான் இருந்தது. அவள் பாஸ் செய்தாள், என்னைவிட நல்ல மார்க்கோடு.

மார்கழியில் ஒருநாள், மேற்குக் கரையில் நின்றபடி எதிர்க்கரையைக் காட்டிக் கேட்டாள். "அந்தப் பக்கம் போனா திட்டு நல்லாத் தெரியுமாடி?"

"அசிங்கம்டி. எல்லாரும் ஒதுங்கற எடம். கால் வைக்க முடியாது, போகாதே."

பொய் இல்லை. ஆனால் சிட்லபாக்கத்துப் பெண்ணை நிறுத்த அந்த ஒரு வார்த்தை போதும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பிவிட்டாள். நோட்டில் அன்றைக்கு எழுதினாள்: திட்டில் கூடு இல்லை.

பொங்கல் முடிந்ததும் தன் திட்டத்தை என்னிடம் காட்டினாள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. திட்டில் இருக்கிற வேலிக்காத்தானை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, ஆடியில் நீர்மருதும் புங்கனும் நடுவது. தண்ணீரைக் குடிக்கிற அந்நிய மரம் அது, எடுக்க வேண்டியதுதான் என்று பாடத்திலேயே இருந்தது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டாயிற்று. அறக்கட்டளை ஆட்கூலிக்குப் பணம் அனுப்பியாயிற்று. நான்கு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத முத்து முத்தான எழுத்து.

"எப்படி இருக்கு?"

அந்தக் காலையில்தான் கிழக்குக் கரையில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்துவதைக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது, அது உண்மை. அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது. இவள் தப்புச் செய்யட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு ஆசை. அது இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் இரண்டு வாரம். தினமும் விடிகிற நேரத்தில் அந்தக் கூடுகளைப் பார்த்தேன். தாய்ப் பறவைகள் இரை கொண்டுவந்தன. நான் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.

வெட்டுகிற நாள் ஒரு சனிக்கிழமை. நான்கு ஆட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடாலியோடு தண்ணீரில் இறங்கினார்கள். பேராசிரியர் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். எங்கள் தெருக்காரர்களோடு நானும் மேற்குக் கரையில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், வேடிக்கை பார்க்க. வேறு நல்ல பதில் இல்லை.

மேற்கு ஓரத்தில் ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் பாதித் திட்டு வெளுத்துவிட்டது. புதருக்குள்ளிருந்து வக்காக்கள் கிளம்பி மேலே சுற்ற ஆரம்பித்தன.

"இன்னாமா, பட்சி இப்டி சுத்திகினு கீது?" என்று ஓர் ஆள் திட்டிலிருந்து கத்தினார்.

"பகல்ல அங்க தூங்கும்ணா. கூடு ஒண்ணும் இல்ல, நீங்க வெட்டுங்க" என்று இவள் கத்தினாள். நல்லதைச் செய்கிற சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது. என் பக்கம் திரும்பி, பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "இந்தா, நீ பாரு. எவ்ளோ க்ளீனா ஆயிடுச்சு!"

ஐந்து மாதமாக நான் ஏங்கிய பைனாகுலர். கண்ணில் வைத்தேன். சாய்ந்த ஒரு கிளையில், தலைகீழாக, ஒரு குஞ்சு காலால் தொங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டேன். "கூடு இருக்கு! உள்ள பூராக் கூடு! வெட்டாதீங்க!"

கோடாலிகள் நின்றன. அவள் கரையிலிருந்து கேட்டாள். "உனக்கு எப்படிடி தெரியும்?"

முழங்கால் தண்ணீரில், நான்கு ஆண்களுக்கும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னேன். "தினம் காலைல நாங்க அந்தக் கரைக்குத்தாண்டி போறோம். அங்கேருந்து எல்லாம் தெரியும்."

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வாசலில் நின்றாள். முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. யாரும் தவறாக நினைக்காமல் கிழக்குக் கரைக்குப் போவதற்காம். எங்களோடு வந்தாள், கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்தாள், மிச்சக் கூடுகளை எண்ணினாள். எண்ணிக்கொண்டே அழுதாள். அறிக்கையில் முதல் வரியாக, 'கரை அசுத்தமாக இருந்ததால் நான் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தேன். என் தவறால் பாதிக் கூடுகள் அழிந்தன' என்று எழுதினாள். நான்தான் போகாதே என்றேன் என்று எழுதவில்லை.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு அறக்கட்டளைக்காரர்கள் அவளுடைய நேர்மையைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். துறையில் படித்துக் காட்டினார்கள். எனக்கு மறுபடியும் பற்றி எரிந்தது. தப்பைக்கூட அவளால் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது. எனக்குச் சரியைச் சொல்லவே வாய் வரவில்லை.

அடுத்த வருடம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. பேராசிரியர் நேர்முகம்கூட வைக்கவில்லை. "போன தடவை நான் உன்னை நம்பலைம்மா" என்று மட்டும் சொன்னார். தொப்பி கொடுத்தார்கள், கெட்டி அட்டை நோட்டு கொடுத்தார்கள். பைனாகுலரை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். முதல் மாதப் பணத்தை அப்பாவிடம் கொடுத்தபோது சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

மழை வந்தது. ஏரி நிரம்பியது. கார்த்திகை போயிற்று. திட்டின் கிழக்குப் பாதியில் வேலிக்காத்தான் அப்படியேதான் நின்றது. வக்காக்கள் வரவில்லை. சாயங்காலங்களில் மேலே பறந்து வேறெங்கோ போயின. கிழக்குக் கரையில் தினமும் விடியலில் நின்று நோட்டில் எழுதினேன்: கூடு இல்லை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். இரண்டு பேரும் கிழக்குக் கரையில் நின்றோம். என் தொப்பியையும் நோட்டையும் பார்த்துவிட்டு, "குடுத்து வெச்சவடி நீ. எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள். இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க ஒரு வருடத்துக்கு முன்னால் நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

நோட்டை அவளிடம் நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒரே வார்த்தைகள். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் நீ ஏன் சொல்லலன்னு சார் கேட்டாரு. பாவம், வெக்கத்துல சொல்லல சார்னு சொன்னேன். சரிதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள், ஏற்கனவே நம்பியிருந்தாள். இந்தத் தொப்பிகூட அந்த நம்பிக்கையில்தான் வந்தது.

"வெக்கம் பாதிடி" என்றேன். "மிச்சம் பொறாமை. உன் மேல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அன்றைய தேதிக்கு நேரே நான் இன்னும் எழுதாமல் வைத்திருந்த வரியை அவளே எழுதினாள். கூடு இல்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.

அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்து முத்தான எழுத்து. அப்போதும் என் எழுத்தைவிட அழகாக இருக்கிறதே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.