பொம்மைக்குப் பிரசவம் பார்த்த நாள்

சென்ற வருடம், கத்திரி வெயில் நேரம். மயிலாப்பூரில் நான் மகப்பேறு மருத்துவராக வேலை பார்க்கும் மருத்துவமனையில், ஒரு பகல் முழுக்க ஒரு ரப்பர் பொம்மைக்குப் பிரசவம் பார்த்தேன். இருபது வருட அனுபவத்தில் வேறு எந்தப் பிரசவமும் என்னை அவ்வளவு எரிச்சல்படுத்தியதில்லை.

விஷயம் இதுதான். தாய் முக்கியும் குழந்தை வெளியே வராதபோது, சின்னக் கிண்ணம் போன்ற ஒன்றைக் குழந்தையின் தலையில் உறிஞ்சிப் பிடிக்க வைத்து, அவள் முக்கும்போது நாங்கள் வெளியிலிருந்து இழுத்து உதவுவோம். வாக்குவம் என்று சொல்வோம். அளவோடு இழுத்தால் உயிரைக் காக்கும். அளவு மீறினால் பிஞ்சுத் தலையின் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். சில சமயம் அதைவிட மோசமாகவும் ஆகும். எவ்வளவு இழுக்கிறோம் என்று சொல்ல எங்களிடம் இருந்ததெல்லாம் எங்கள் கைதான். கோட்டூர்புரத்தில் சிறிய ஆய்வகம் நடத்தும் ஒரு பெண் பொறியாளர், கைப்பிடியிலேயே இழுப்பை அளக்கிற புதுக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அளவு மீறினால் அது கத்தும்.

அவருடைய ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒருமுறை இழுத்துப் பார்த்திருந்தேன். ஏசி அறை, மேசைமேல் பொம்மை, நாங்கள் இரண்டே பேர். பத்துத் தடவை இழுத்தும் கருவி மூச்சு விடவில்லை. எனக்கு உள்ளூர ஒரே பெருமை. அடுத்ததாக, அன்று அதே பொம்மையை எங்கள் பிரசவ அறையில் வைத்துச் சோதிக்க வேண்டும். மாலைக்குள் நான் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரி என்று எழுதினால் நிஜத் தாய்மார்களிடம் சோதிக்க அனுமதி கேட்பார்கள். பழுது என்று எழுதினால் அந்தப் பெண்ணின் மூன்று வருட உழைப்பு அலமாரிக்குப் போய்விடும்.

முதல் இழுப்பிலேயே கத்தியது. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்த மாதிரிச் சத்தம். இரண்டாவது இழுப்பிலும் கத்தியது. மூன்றாவதிலும்.

"எதுல வந்தீங்க?" என்று பொறியாளரைக் கேட்டேன்.

"ஆட்டோல மேடம்."

"அதான். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிற ரோட்டுல குலுங்கிக் குலுங்கி உங்க மெஷின் செத்துப் போச்சு."

அவர் பையிலிருந்து, பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற ஸ்பிரிங் தராசு ஒன்றை எடுத்து மாட்டிச் சரிபார்த்தார். கருவி காட்டுவதும் தராசு காட்டுவதும் ஒன்றாகத்தான் இருந்தன. எனக்கு இன்னும் கோபம் வந்தது. இருபது வருடம் பழகிய கைக்கு ஒரு தராசு புத்தி சொல்வதா?

எங்கள் வார்டில் கத்துகிற மெஷின்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். சத்தம் வரும் ஓட்டையில் பிளாஸ்டரை ஒட்டிவிடுவோம். நானும் ஒட்டினேன். பொறியாளர் அதைப் பிய்த்தெடுத்தார்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் ஆயாம்மா பொம்மையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் அவருக்கு. அவர் குரல் கேட்காமல் எங்கள் அறையில் குழந்தை பிறந்ததே இல்லை எனலாம். அன்றும் பழக்கதோஷத்தில், நான் கைப்பிடியைத் தொட்டதுமே ஆரம்பித்துவிடுவார். "முக்கும்மா! முக்கு, முக்கு! தல தெர்து, வுட்றாத! இன்னும் கொஞ்சந்தான்!" ரப்பருக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் அவரைத் தடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குரல் எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி, காதில் விழுவதே இல்லை.

மதியம் அவர் டீ வாங்கப் போனார். நான் இழுத்தேன். கருவி சும்மா இருந்தது. மறுபடி இழுத்தேன். சும்மாவே இருந்தது.

"இப்பத்தான் உங்க மெஷினுக்குப் புத்தி வந்திருக்கு" என்றேன்.

ஆயாம்மா டீயோடு வந்தார். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்று, "முக்கும்மா!" என்றார். இழுத்தேன். கத்தியது. நான் கைப்பிடியைத் தூக்கி மேசைமேல் போட்டேன்.

ஆயாம்மா என்னையே பார்த்தார். "கோச்சிக்காதீங்க டாக்டரம்மா. நான் கத்துனாதான் அதுவும் கத்துது."

"உளறாதீங்க."

"நெசமாத்தான். நான் முக்குன்னு சொல்லச் சொல்ல நீங்களும் கூடவே முக்குறீங்க. பல்லக் கடிச்சிக்கினு இழுக்குறீங்க. இன்னிக்கின்னு இல்ல, எப்பவுமே அப்டித்தான். நிஜப் பிரசவத்துல பாத்தாலும் உங்ககிட்ட யாரு சொல்றது? இங்க பொம்மதான, அதான் சொல்லிட்டேன்."

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் என் தாடை வலிப்பது தெரிந்தது. அவரை வெளியே அனுப்பி நான்கு தடவை இழுத்தேன், உள்ளே கூப்பிட்டு நான்கு தடவை இழுத்தேன். அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், 'பழுது' என்று எழுதத்தான் கை போனது. எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் "ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும்மா, பயப்படாதே" என்று நான் சமாதானம் சொல்லி அனுப்பிய தாய்மார்களின் முகங்கள் வந்து நின்றன. அந்த வீக்கங்களில் எவை தவிர்க்க முடியாதவை, எவை ஆயாம்மாவின் குரலுக்கு என் கை ஆடியதால் வந்தவை? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. வெட்கமாக இருந்தது.

'கருவி சரியாக இருக்கிறது. நான்தான் அளவு மீறி இழுத்தேன். இனி சோதிக்கும்போது பிரசவ அறையின் கூச்சலோடு சேர்த்துச் சோதிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மேடம், இதை அப்படியே அனுப்பலாமா?" என்று பொறியாளர் தயங்கினார்.

"என் மனசு மாறுறதுக்குள்ள அனுப்புங்க."

அந்தக் கருவி இன்னும் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அதுவரை பழைய கிண்ணம்தான். நான் அதைக் கையில் எடுத்தால் ஆயாம்மா இப்போதெல்லாம் கத்துவதில்லை. தாயின் தோளைத் தடவிக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார். நடுவில் என் பக்கம் திரும்பி, "பல்லு, டாக்டரம்மா" என்கிறார். நான் தாடையைத் தளர்த்துகிறேன். பிறந்த குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்து அது வீங்காமல் இருந்தால், இருபது வருடமாக இதை யாரும் எனக்குச் சொல்ல முடியாதபடி நான் நடந்துகொண்டேனே என்பதுதான் முதலில் மனதில் உறைக்கிறது.