கொசுறாக ஒரு வார்த்தை

முட்டையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் இப்ராம்சா. வெயில் இல்லாவிட்டால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். கொடைக்கானல் வெயில் புது மாப்பிள்ளை மாதிரி. எப்போது கோபித்துக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. டஜன் முட்டையும் பங்களா அம்மாளின் பாத்திரத்துக்குள் இறங்கிய பிறகும் மனிதர் வாசலை விட்டு நகரமாட்டார்.

"கொசுறு, மேடம்."

உலகத்தில் வாங்குகிறவர்கள்தான் கொசுறு கேட்பார்கள். விற்றுவிட்டுக் கொசுறு கேட்கிற ஒரே ஜீவன் இவர். கேட்பதும் காசில்லை, பிஸ்கட்டில்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை, அர்த்தத்தோடு. துரைமார் கப்பலேறிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற மிஷன் பங்களாக்களை இவர் இப்படியே சுரண்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் அவர்கள் பேச வார்த்தை இல்லாமல் கை ஜாடைதான் காட்டவேண்டியிருக்கும்.

அர்த்தத்தை வாங்கிக்கொள்வார். அவர்கள் சொல்லும் உதாரண வாக்கியத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருவார். "அதுல டாமு, மேரின்னு யாராரோ வாராக. அவுகள நான் எங்க போயித் தேட? வாக்கியத்துல உக்காராத வார்த்தை, அடையில உக்காராத கோழி. குஞ்சு பொரிக்காது" என்பார்.

அதனால் தன் ஊரான நாயுடுபுரத்து ஆட்களைப் பிடித்து வாக்கியத்தில் உட்கார வைக்கிறார். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். சண்முகவள்ளியின் டீக்கடைக்குள் அவர் கூடையை இறக்கினால் பேச்சு நின்றுவிடும். நளினம் என்ற அர்த்தத்தோடு 'கிரேஸ்ஃபுல்' என்ற வார்த்தை வந்த அன்று, ஊர்ப் பெண்கள் எல்லாம் தலை வாரிக்கொண்டு காத்திருக்க, அவர் அதை ஞானவேலின் மட்டக்குதிரைக்குக் கொடுத்துவிட்டார். ஞானவேலின் சம்சாரம் ஒரு வாரம் குதிரைக்குக் கொள்ளு வைக்கவில்லை. கஞ்சம் என்ற அர்த்தத்தோடு 'ஸ்டிஞ்சி' வந்தபோது, "சண்முகவள்ளி ஈஸ் ஸ்டிஞ்சி. ஒரே தூள மூணுவாட்டி காய்ச்சுது" என்று அவள் கடையில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். மறுநாள் டீயில் கரண்டியை நட்டால் நின்றது. அவரும் நேர்மையாக வாக்கியத்தை வாபஸ் வாங்கினார்.

உருளைக்கிழங்கு போடும் அழகுமலைக்கு வந்து சேர்ந்ததுதான் பொல்லாத வார்த்தை. ஒரு நாள் வெள்ளனே காட்டுமாடு ஒன்று பாதையில் வர, மனுஷன் சம்சாரம் சிவபாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேரி மரத்தில் ஏறிவிட்டார். அவள்தான் கோழியை விரட்டுவது மாதிரி அதை விரட்டி, புருஷனையும் இறக்கிக் கூட்டிப் போனாள். இப்ராம்சா பார்த்துவிட்டார். "அழகுமலை ஈஸ் எ கோவர்ட்" என்றார். அர்த்தமும் சொன்னார்: "பயப்படுறவன் இல்லப்பா. பயம் எல்லாத்துக்குந்தான். அடுத்தவன் எக்கேடும் கெடட்டும், நாம தப்பிச்சாச் சரின்னு ஓடுறவன்." மலை ரோட்டில் பஸ் ஏறுவதற்குள் அந்த வாக்கியம் பழனி வரைக்கும் இறங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் அழகுமலையின் மகளைக் கேட்டுப் பண்ணைக்காட்டிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. அழகுமலை ஒரு மூட்டைக் கிழங்கோடு போய்க் கெஞ்சினார். "கல்யாணம் முடியுற வரைக்குமாச்சும் அதுல வேற யாரையாவது உக்கார வைங்க, பாய்."

"பாக்காதத எப்படிச் சொல்லுவேன்? நீ வேற ஒண்ணு செஞ்சு காட்டு, மாத்திப்புடுறேன்" என்று சொல்லி, மூட்டையைத் திருப்பி அனுப்பினார் இப்ராம்சா.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலுச்சாமி வந்து இறங்கினார். அழகுமலை அவரை டீக்கடைக்குக் கூட்டி வந்தார். இப்ராம்சா உட்பட ஊரே அங்கேதான் இருந்தது.

"யாரோ ஒரு அழகுமலை பொண்டாட்டிய விட்டுட்டு மரத்துல ஏறுனாராமே. பஸ்ஸுல பேசிக்கிட்டாக. அது யாருங்க?" என்றார் வேலுச்சாமி.

சண்முகவள்ளிதான் மனசு கேட்காமல் புகுந்தாள். "அது பக்கத்து ஊரு போளூர்க்காரருங்க. அங்கிட்டும் ஒரு அழகுமலை இருக்காரு."

போளூரில் அப்படி ஒருவர் இருப்பது நிஜம். பாவம், அவர் ஏணியில்கூட ஏறாதவர். இப்ராம்சாவின் முகம் கடுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அழகுமலை எழுந்து நின்றார். விழுந்துவிடாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானுங்க அது. போளூர்க்காரருக்கும் கட்டிக்கொடுக்க ரெண்டு பொண்ணு இருக்கு. அவரு தலையில ஏத்த வேணாம்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் திரும்பவில்லை. வேலுச்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கிளாசை அவர் பக்கம் நீட்டினார்.

"உக்காருங்க சம்பந்தி. டீ ஆறுது."

இப்ராம்சா தொண்டையைச் செருமினார். "கோவர்டுக்கு இனிமே இந்த ஆளு ஆக மாட்டாரு. எடம் காலியாக் கெடக்கு" என்றார்.

சொல்லிவிட்டு, பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் கிளாசைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கிளாசைக் கொடுத்துவிட்ட வேலுச்சாமி மட்டும், அந்தக் குளிரில், துண்டை எடுத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.