பத்துக் கிலோ கல்லும் ஒரு தோளும்

என் அக்கா ரஷீதாவைக் கட்டிய அபுதாஹிர் மச்சானுக்கு எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்பத் தெரியாது. தாராவியில் தோல் பைகளுக்குக் கைத்தையலில் வார் தைப்பவர். தைத்த ஒவ்வொரு வாரையும் கொக்கியில் மாட்டி, பத்துக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவார். சாயங்காலம்வரை தாங்கினால், "அனுப்பலாம்" என்பார். அதற்கு முன்னால் யார் கெஞ்சினாலும் வார் பட்டறையைத் தாண்டாது.

எண்பத்தைந்தாம் வருஷம், வடாலாவில் ஓடுகிற ரயிலைப் பிடிக்கப் போய் அவருடைய வலது தோள் நழுவியது. ஏற்றிக் கட்டினார்கள். அதன்பிறகு அது நினைத்தபோதெல்லாம் நழுவத் தொடங்கியது. கைத்தையலில் ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு கையையும் அகல விரித்து நூலை இழுக்க வேண்டும். மச்சான் விரிப்பார், 'டக்'கென்று எலும்பு வெளியே வந்துவிடும். ஒரே வருஷத்தில் ஏழு தடவை. தையலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

செம்பூரில் எலும்பு டாக்டர் நெல்லையப்பன், உள்ளே அறுந்த தசைநாருக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் நாடாவை எலும்பில் துளை போட்டுக் கட்டலாம் என்றார். வேறொருவராயிருந்தால் பிழைப்போமா என்று கேட்டிருப்பார். மச்சான், "அந்த நாடாவக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். மாதிரித் துண்டை முகர்ந்தார், எச்சில் தொட்டு நனைத்தார், கால் கட்டைவிரலில் மாட்டி இடது கையால் இழுத்தார்.

"நாடா அறாது டாக்டர். தொள போட்ட எடத்துல எலும்பு கிழியாதா? தோலு அங்கனதான் கிழியும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எங்களுக்கும் அதே பயம்தான் பாய். நாடா நெசவுக்குள்ள சதை வளர்ந்து பிடிச்சுக்கணும். மூணு மாசம் கனமே தூக்கக் கூடாது. கிழிஞ்சா, மறுபடி துளை போட அங்க எலும்பு இருக்காது."

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். பட்டறைக்குள் நுழைந்தவன் அலறிவிட்டேன். மச்சான் கையைத் தாங்கியிருந்த தூளிக்கட்டை அவிழ்த்துவிட்டு, வலது மணிக்கட்டில் வாரைச் சுற்றி, அந்தப் பத்துக் கிலோ கல்லைத் தொங்கவிட்டிருந்தார். முகத்தில் அப்படியொரு ஆராய்ச்சி.

"கிறுக்கு புடிச்சிருக்கா மச்சான்?" பாய்ந்துபோய்க் கல்லைத் தாங்கினேன்.

"இழுத்துப் பாக்காம எப்படி மாப்ளே நம்புறது?" என்றார். அப்புறம்தான் டாக்டர் சொன்னது உறைத்தது போலும். முகம் வெளிறிப் போனது. "ரஷீதாட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறே இறங்கவில்லை. கிழிந்ததா இல்லையா என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நாளைக் கழித்தோம்.

மூன்று மாதம் கழித்து டாக்டர், "கையை விரிங்க பாய்" என்றார். மச்சான் விரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கல் விஷயத்தைச் சொன்னார். டாக்டருக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "அட முட்டாளே" என்று வாய் வரை வந்ததை விழுங்கியது எனக்கே தெரிந்தது.

மச்சான் பையிலிருந்து ஒரு வாரை எடுத்து, ஒரு நுனியை வலது கையில் சுற்றிக்கொண்டு மறு நுனியை நீட்டினார். "நீங்களே இழுங்க."

டாக்டர் தயங்கினார். ஆனால் அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில் மெல்ல, பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு கையை அகல விரிய வைத்து இழுத்தார். நான் அந்த 'டக்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

மச்சானுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்காமலே சொன்னார்: "அனுப்பலாம் டாக்டர்."