சாக விடாத அரசர்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், எழுத்துப்பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்னில் எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு பழைய கிரேக்க நாடகம் போட்டது. அரசனாக நடித்தவருக்குப் பெரிய மீசை, இடி மாதிரிக் குரல். தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் எல்லாச் செத்தவீட்டுக்கும் போவார். அதற்கென்றே காரில் ஒரு கறுப்புக் கோட் தொங்கும்.

கதையில், துரோகி ஒருவனைப் புதைக்கக் கூடாது என்று அரசன் தடை போடுகிறான். மீறிப் புதைத்த அந்தத் துரோகியின் தங்கைக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டும். நான் காவலாளி. அவளை இழுத்துப்போய், "அரசே, அண்ணனுக்கு மண் போட்டவள் இவள்தான்" என்றேன்.

அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார்.

"தனியவோ பிள்ளை செய்தனீ? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீரும் பாத்துக்கொண்டு நிண்டனீரோ? ஒரு கை பிடிச்சா என்ன?"

சபை சிரித்தது. தங்கையாக நடித்த பிள்ளைக்கு அழுது சாகிற பெரிய காட்சி மிச்சம் இருந்தது. தாய் தகப்பன் முன்வரிசையில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், ப்ளீஸ், நான் சாகோணும்" என்று கெஞ்சியது.

"வாயைக் கழுவு பிள்ளை. இஞ்ச ஒருத்தரும் சாகத் தேவையில்லை."

நாடகம் பாதியில் முடிந்தது. முடிவில் சபைக்குக் கொடுக்கவிருந்த ரோல்ஸ்கூட இன்னும் பொரித்து முடியவில்லை.

"அண்ணை, வசனம் மறந்துபோச்சோ?" என்று கேட்டேன்.

"வசனமெல்லாம் நல்ல பாடம் தம்பி. சாகச் சொல்லத்தான் வாய் வருதில்லை" என்றவர், கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு செத்தவீட்டுக்கு அவசரமாகப் போனார். தலையில் அட்டைக் கிரீடம் அப்படியே இருந்தது.

அதை அங்கே யாராவது அவருக்குச் சொன்னார்களா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

எழுதி முடித்தது: மாசி மாதம், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை.