குளத்துக்குக் கீழே வந்த வீடுகள்

பெற்றோல் அடிக்கும் செட்டில் ஷிப்ட் செய்தே தலை நரைத்தவர் என் அண்ணை. ஓய்வெடுத்ததும் லண்டனின் வடக்கு ஓரத்தில் பழைய பண்ணைக் காணி ஒன்றை வாங்கினார். அதோடு ஒரு குளமும் வந்தது. எந்தக் காலத்திலோ ஒரு பண்ணைக்காரன் மண்ணால் அணைகட்டி மறித்த தண்ணீர். முயல் தோண்டிய வளைகளை அடைப்பதும், அணைக்கட்டில் முளைத்த மரக்கன்றுகளைப் பிடுங்குவதும்தான் அண்ணையின் வேலையாகிப் போனது. கிழக்கு லண்டனில் நாங்கள் இருந்த பிளேஸ்டோவிலிருந்து ஞாயிறுகளில் போவோம். எங்களையும் கட்டின் மேல் நடத்திக் காட்டாமல் சாப்பிட விடமாட்டார்.

கட்டுக்குக் கீழே செம்மறிகள் மேய்ந்த புல்வெளி. அங்கே புது வீடுகள் எழும்பியபோது அண்ணைதான் எனக்குப் போன் செய்தார்.

"பிள்ளையை இங்க ஒரு வீடு வாங்கச் சொல்லு. நான் பக்கத்தில இருக்கிறன்தானே."

என் மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு அங்கே குடிபோனார்கள். அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை. பின்னேரம் தவறாமல் குழந்தையைத் தூக்கப் போய்விடுவார்.

பிறகு ஒருநாள் அணையைப் பார்வையிட ஒரு இஞ்சினியர் பெண் வந்தார். கட்டை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, இதை அதிக ஆபத்து வகுப்பில் சேர்க்க வேண்டிவரும் என்றார்.

"எங்கயும் கசியுதோ?" என்று பதறினார் அண்ணை.

"இல்லை, நல்ல அணை. ஆனால் இந்த வகுப்பு பலத்தைப் பார்த்துப் போடுவதில்லை. உடைந்தால் யாருக்கு உயிராபத்து என்று பார்த்துப் போடுவது. முன்பு கீழே ஆடுகள். இப்போது வீடுகள்."

வெள்ளநீர் வழியும் வாய்க்காலைப் பெருப்பித்து, ஒரு இஞ்சினியரின் கண்காணிப்பில் குளத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். அல்லது கட்டை வெட்டித் தண்ணீரை விட்டுவிடலாம் என்றார் அவர். அண்ணை வைத்திருக்கத்தான் விரும்பினார். அன்று பின்னேரம் மகள் சொன்னாள்:

"மாமா, உங்கட கட்டு உடையாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா இனி மழை பெய்தா எனக்கு நித்திரை வராது."

"ஓம் பிள்ளை," என்றார். அடுத்த நாளே கட்டை வெட்டச் சொல்லி இஞ்சினியருக்குப் போன் செய்தார்.

மீன்களைப் பிடித்து வேறு குளத்துக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரைக் குறைத்த பிறகு மண்வெட்டும் மெசின் வந்தது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன். மெசின் பல தடவை முட்டித் திணறியது.

"பாத்தியே? எவ்வளவு இறுக்கமான கட்டு," என்றார். குரலில் பெருமைதான் இருந்தது. முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

அதற்குப் பிறகு அவர் கட்டுப் பக்கம் போகவில்லை. மகள் வீட்டுக்குப் போவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. கோபமில்லை, முழங்கால் நோகுது என்றார். கடைசியில் காணியை விற்றுவிட்டு வெம்பிளியில் ஒரு பிளாட்டுக்குப் போய்விட்டார்.

மருமகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. மகளும் அந்த வீட்டை விட்டுப் போனாள். பெட்டிகளைக் கட்டும்போது, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அம்மா. மாமான்ர குளம் மிஞ்சியிருக்கும்," என்று அழுதாள். இஞ்சினியர் சொன்னதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் பொறுத்திருப்பாள்? அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் அழுகை நிற்கவில்லை.