ஷப்ராஸ் நல்லவனான விதம்

பதுளை பஸாரில் பெயின்டும் குழாயும் விற்கும் முஸ்தாக் ஆகிய நான், ஐம்பது வயதில் நாவல் எழுதத் தொடங்கினேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நான் கடையில் இல்லாவிட்டால் வியாபாரம் ஒழுங்காக நடக்கிறது என்று மகன் சொன்னான்.

கதை இதுதான். எல்ல என்ற மலையூர்ப் பக்கம் சுற்றுலா போன பாடசாலைப் பிள்ளைகள், மண்சரிவில் பாதை அறுந்து, மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட வந்த பெரியவர்கள் உதவி தேடிப் போனவர்கள் போனவர்களே. ஷப்ராஸ் என்ற பையன் தலைவனாகிறான். முதலில் பிஸ்கட்டைச் சமமாகப் பங்கிடுகிறான். பிறகு தன்னைப் புகழ்கிறவனுக்கு அதிகம் கொடுக்கிறான். கேள்வி கேட்கிற ஹுமைதுக்கு எதுவுமில்லை. கடைசியில் ஹுமைதை மழையில் வெளியே தள்ளி எல்லோரும் சேர்ந்து கதவைச் சாத்துகிறார்கள். அவன் பிழைக்கவில்லை.

முதலில் வாசித்தவர், லுணுகலையில் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஜெயந்தினி டீச்சர். "கதவச் சாத்துனதெல்லாம் நல்ல பிள்ளைங்கதான் நானா. அதான் பயமா இருக்கு," என்றார். ஒரு வாரம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். முதுகு வலி என்று நினைத்து மனைவி தைலம் தடவிவிட்டாள்.

எங்கள் ஊரில் புத்தகம் வெளியிட வேண்டுமானால், இலக்கிய வட்டத் தலைவர் ஜெஸீம் ஹாஜியாரின் தயவு வேண்டும். அவர் வாசித்துவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். பதில்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி போனேன். ஷப்ராஸின் பேச்சு முழுக்க அவரிடமிருந்து நான் களவெடுத்தது. ஹாஜியார் அதைக் கவனிக்கவே இல்லை. அவருக்கு ஷப்ராஸை மிகவும் பிடித்திருந்தது.

"நல்ல தலைவன். அவன ஏன் கடைசியில கெடுத்து வெச்சீக்கிறீங்க? நான் எனக்காகவா கேக்குறேன்? வாசிக்கிற புள்ளைகளுக்காகத்தானே," என்றார்.

வாதாடத்தான் போயிருந்தேன். வட்டிலப்பம் வந்தது. தட்டு காலியாவதற்குள் கதையில் பிஸ்கட் கடைசிவரை சமமாகவே பங்கிடப்பட்டது. அடுத்த சந்திப்பில் கதவைக் காற்று சாத்தியது. அதற்கடுத்ததில் ஹுமைதுக்குச் சளிக்காய்ச்சல் மட்டும். அச்சுக்குப் போனபோது, ஷப்ராஸ் அவனைத் தோளில் சுமந்து பண்டாரவளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கலைநுட்பம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

வெளியீட்டன்று ஜெயந்தினி டீச்சர் முன் வரிசையில் இருந்தபடியே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார். நான் மேடையிலிருந்து இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"இதுல யாருமே ஒரு தப்பும் பண்ணலையே நானா."

அச்சுப்பிழை நிறைய இருக்கிறது டீச்சர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கழுத்தில் மாலை இருந்ததால் குனிந்து காலைப் பார்க்கவும் வசதிப்படவில்லை. அவர் போய்விட்டார். அதன் பிறகு பெயின்ட் வாங்கக்கூட வரவில்லை.

இலக்கிய வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ஹாஜியார் என் பெயரைச் செயலாளர் பதவிக்கு முன்மொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தச் சொன்னபோது நானும் உயர்த்தினேன்.

போன மாதம் தையல்கடை றின்ஸா ஒரு சிறுகதை கொண்டுவந்தாள். ஒரு சங்கத் தலைவரைத் தோலுரிக்கும் கதை. அவர் யாரென்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நின்றபடியே வாசித்து முடித்தேன். அப்படியொன்றை நான் எழுதவில்லையே என்று பொறாமையாக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நல்லா ஈக்கிது தங்கச்சி. அந்தத் தலைவர மட்டும் கொஞ்சம்..."

நான் முடிப்பதற்குள் தாள்களைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கதை ஒரு சொல்லும் மாறாமல் கொழும்புச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. ஹாஜியார் அதை வாசித்துவிட்டு, யாரைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன்.