இடது பக்கத்து வாழைக்கன்று

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் லாரி ஷெட்டில் நான் சூப்பர்வைசர். காலையில் கிளம்பும் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வந்து பிரேக், டயர், விளக்கு, தார்ப்பாய் எல்லாம் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதே ஷெட்டில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர் என் அப்பா.

லாரி விபத்து என்றதும் குடி, தூக்கம், வேகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிதானமாக ஓட்டுகிற நல்ல டிரைவரும் ஆளை அடித்துவிட முடியும். காரணம் இடப்பக்கம். டிரைவர் உட்காருவது வலது ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே. இடது முன்சக்கரத்தின் அருகே ஸ்கூட்டர் வந்து நின்றால், கண்ணாடி காட்டினால்தான் உண்டு. வண்டி இடது பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் தாண்டிவிட்டது, பிழைத்தோம் என்று ஸ்கூட்டர்காரர் நினைப்பார். பின்சக்கரம் அதே தடத்தில் வராது, உள்ளே ஒடித்துக்கொண்டு வரும். முன்பு அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல கிளீனர் இருந்தார். இப்போது எங்கள் வண்டிகளில் டிரைவர் மட்டும்தான்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் ஆயுத பூஜைக்கு அப்பாவின் வண்டியில் வாழைக்கன்று கட்டினேன். அப்பா வண்டியாயிற்றே என்று, இருந்ததிலேயே உயரமான இரண்டு கன்றுகள். தானாக வாடி விழும்வரை அவற்றில் கை வைக்கக் கூடாது என்பது ஷெட்டின் வழக்கம்.

விடுமுறை முடிந்த காலை. வெளியூர் பஸ்களிலிருந்து பையும் குழந்தையுமாக ஜனம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஜல்லி ஏற்றிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குக் கிளம்பினார். இடது கண்ணாடியின் முன்னால் என் வாழையிலை தொங்கியது.

"அப்பா, லெப்ட் கண்ணாடி தெரியுதா?"

"காத்தடிச்சா தெரியுது."

"அடிக்கலைன்னா?"

"அடிக்கும்டா."

"அறுத்துடறேன்பா."

"கைய வச்சுப் பாரு. சாமிக்குக் கட்டுனத அதுக்குள்ள அறுப்பாங்களா?"

டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர், "சூப்பர்வைசர் சார், டயருக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு தாள்ல கையெழுத்து போட்டுக் குடு!" என்றார்.

"நான் கையெழுத்து போட மாட்டேன்பா."

"போடாத. நான் இருவத்தஞ்சு வருசமா கைநாட்டுதான். வண்டி ஓடலயா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்மேன் அப்பாவின் கூட்டாளி, தாளைக் கேட்காமலே கேட்டைத் திறந்துவிட்டார். அப்பா ஏறி வண்டியைக் கிளப்பினார்.

நான் என் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் இடது முன்சக்கரத்தின் அருகே நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் எங்கே என்று தெரியாமல் அப்பா வண்டியை நகர்த்த மாட்டார் என்பது எனக்கு நிச்சயம்.

"டேய், எங்கடா போன?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இங்கதான் கீறேன். எங்கன்னு சொல்லிட்டு வண்டிய எடு."

"பின்னாடியா?"

"இல்ல."

"முன்னாடி?"

"இல்லபா."

எஞ்சின் நின்றது. டீ குடித்தவர்கள் பக்கம் சிரிப்பும் நின்றது. அப்பா இறங்கிச் சுற்றி வந்தார். டயரை ஒட்டி என் முழங்கால் இருப்பதைப் பார்த்ததும் அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அறிவு கீதாடா உனக்கு? நசுங்கியிருப்ப."

"ரோட்டுல ஸ்கூட்டர்ல வர்றவங்க இங்கதான்பா நிப்பாங்க. அவங்களக் கூப்பிட்டுக் கேப்பியா?"

அப்பா வண்டியிலிருந்து கற்பூரம் எடுத்து வந்து பம்பருக்கு முன்னால் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான கட்டுன? நீயே அறு" என்றார்.

அறுத்தேன். அவரை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லிவிட்டு, மறுபடி அதே இடத்தில் ஸ்கூட்டரோடு நின்றேன்.

"தல தெரியுது. ஸ்கூட்டர் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தட்டினார். "ஏறு."

"இன்னும் நாலு வண்டி பாக்கணும்பா."

"பாத்துட்டு வா. நிக்கிறேன்."

நாலு வண்டியையும் பார்த்து முடிக்கும்வரை நின்றார். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது இடது ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே வந்தேன்.

"ஸ்கூட்டி ஒண்ணு, இரு... கொழந்த வச்சிக்கினு கீறாங்க, போவட்டும்... ஆட்டோ... இப்ப வா!"

அப்பா கியரை மாற்றினார். "டிகிரி படிச்ச கிளீனருடா எனக்கு. ஓனருக்கே கெடைக்காது" என்றார்.

"ரோட்டப் பாருபா," என்றேன்.